தொண்ணூற்றொன்றாம் நம்பர் டோக்கன்

அத்தியாயம் 7

"இருபது நிமிஷம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிட்டாது," என்று சொல்லிவிட்டு, நெய்யாற்றின்கரை நீதிமன்றத்தின் தொண்டிமுதல் அறைக் குமாஸ்தா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

குற்ற வழக்குகளில் போலீஸ் கைப்பற்றும் பொருட்களெல்லாம் வந்து சேரும் அறை அது. அரிவாள், தராசு, கிழிந்த சேலை, ஸ்கூட்டர் சக்கரம் என்று கூரை வரை அடுக்கியிருந்தது. ரேஷ்மியின் உதவியாளன் ஷிஜு இரண்டு தும்மல் போட்டான்.

"சேச்சி, நாட்டுல களவு போன சாமானெல்லாம் பத்திரமா இஞ்ச தான் இருக்கு. களவாண்டவனைத்தான் காணல்ல."

ரேஷ்மி சிரிக்கவில்லை. அவளுடைய செல்போன் கைக்குள்ளேயே அதிர்ந்தது. குளோரி.

"சேச்சி, அப்பாக்கு மூச்சு இழுக்குது. இன்னைக்கு தாண்டாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. கண்ணு தொறந்தா உங்களைத்தான் கேக்குறாரு. பேரு கிட்டிச்சான்னு கேக்குறாரு."

"சாயங்காலத்துக்குள்ள வாறேன் குளோரி," என்றாள் ரேஷ்மி. எதை நம்பிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

குளோரியின் அப்பா யேசுவடியான் கோட்டுகால் கடற்கரையில் மீன் பிடித்துப் பிழைத்தவர். 1992-ல் உதியன்குளங்கரையில் ஒரு நகைக்கடை கொள்ளை போனது. கடை முதலாளி சோமராஜன் ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது பெட்டகம் காலி. வாட்ச்மேன் வேலாயுதனையும் காணவில்லை. செவ்வாய்க்கிழமை, கல் வெட்டியெடுத்த பள்ளமான பாறைமடைத் தண்ணீரில் ஒரு பிணம் மிதந்தது. முகம் கல்லால் சிதைக்கப்பட்டிருந்தது. யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அடகு வைத்த செயினுக்காக அதற்கு முந்தின வாரம்தான் யேசுவடியான் அந்தக் கடையில் சத்தம் போட்டிருந்தார். அது போதுமாக இருந்தது. அவரும் வேலாயுதனும் சேர்ந்து கொள்ளையடித்தார்கள், கூட வந்த மூன்றாவது ஆளைக் கொன்றுவிட்டார்கள், நகையோடு வேலாயுதன் தப்பிவிட்டான் என்று வழக்கு முடிந்தது. யேசுவடியான் பதினாலு வருடம் சிறையில் இருந்தார். வேலாயுதன் இன்றுவரை தேடப்படும் குற்றவாளி. அதனால்தான் இந்தப் பொருட்களை இன்னும் அழிக்காமல் வைத்திருந்தார்கள்.

நான்கு நாட்களுக்கு முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் யேசுவடியான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான். "பேரு தெரியாத ஒருத்தனை கொன்னேன்னு தண்டனை அனுபவிச்சாச்சு மக்கா. நான் கொல்லல்ல. அது ஆண்டவருக்கு தெரியும். ஆனா அங்க போனா அவனும் நிப்பானே? என்ன பேரு சொல்லி கூப்பிட?"

ரேஷ்மி அந்தக் கேள்வியிலிருந்து மீளவில்லை. துப்பறியும் அலுவலகம் திறப்பதற்கு முன்பு அவள் குற்றப்பிரிவில் தட்டச்சராக இருந்தவள். 'மேற்கொண்டு தடயம் ஏதும் இல்லை' என்று இந்தக் கோப்பின் கடைசித் தாளை 2009-ல் தட்டச்சு செய்ததே அவள்தான். அன்றைக்கு அவள் அடித்த பதினோரு தாள்களில் அது ஒரு தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்துவிட்டாள்.

ஷிஜு குரலைத் தாழ்த்தினான். "சேச்சி, ஒரு காரியம் சொன்னா கோபப்படாதீங்க. சாவப்போற மனுஷன். ஏதாவது ஒரு பேரைச் சொல்லி அனுப்பி வைப்போம். சுகுமாரன்னு சொல்லுங்க. யாருக்கு நஷ்டம்?"

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது சுலபமாகத்தான் தெரிந்தது.

"பொய்யான சாட்சி சொல்லித்தான் அவரை உள்ள போட்டாங்க. நானும் ஒரு பொய்யைச் சொல்லி வழியனுப்பவா? அந்த உறையைப் பிரி."

பழுப்பு உறையிலிருந்து ஒரு அலுமினிய டோக்கன் விழுந்தது. பிணத்தின் மேலிருந்த சட்டைப் பை காலியாக இருந்தது. கொன்றவன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். வேட்டிக்குள் போட்டிருந்த நிக்கரின் பையை மட்டும் மறந்துவிட்டான். அதிலிருந்தது இந்தச் சைக்கிள் ஸ்டாண்டு டோக்கன். துளையில் நூல் கோத்து, அரக்கு வைத்துச் சீட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். நம்பர் 91.

"பாறசாலை ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுல கேட்டிருக்காங்க. அங்க மொத்தமே அறுபது டோக்கன்தான். பின்னே திருவனந்தபுரம், நாகர்கோவில், கொல்லம். எங்கேயும் தொண்ணூற்றொன்று காணாமப் போகல்ல," என்றாள் ரேஷ்மி.

"முப்பத்திமூணு வருஷமா ஒரு சைக்கிளைத் தேடியிருக்கினும். நடந்தே போயிருந்தா அமெரிக்கா வரை…"

"சும்மா இரு."

அவள் டோக்கனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துளை ஒழுங்கான வட்டமாக இல்லை. ஆணியால் அடித்ததுபோல் பிசிறடித்திருந்தது. எதிர்ப்பக்கத்து விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு பிறை வெட்டு இருந்தது. அந்தப் பிறையின் உள்விளிம்பு மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"ஷிஜு, இந்த டோக்கனுக்குப் பழைய துளை ஒண்ணு இருந்திருக்கு. இங்க. அது அறுந்து போனதும் யாரோ எதிர்ப்பக்கத்துல புதுத் துளை போட்டிருக்காங்க. போலீஸ்காரங்க புதுத் துளையில நூல் கட்டித் தொங்கவிட்டு நம்பரைப் படிச்சாங்க."

அவள் நூலைக் கையில் ஒடுக்கிக்கொண்டு டோக்கனைத் தலைகீழாகத் திருப்பினாள்.

ஷிஜு குனிந்து நம்பரைப் படித்தான்.

16.

*

பாறசாலை ஸ்டேஷனில் சைக்கிள் ஸ்டாண்டு இருந்த இடத்தில் இப்போது பைக்குகள் நின்றன. பழைய ஸ்டாண்டுக்காரர் தங்கப்பன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஷிஜு ஆம்னி வேனைச் சந்துக்குள் நுழைத்தான். மணி ஒன்றரை.

தங்கப்பனுக்கு எழுபத்தாறு வயது. முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். டோக்கனின் படத்தைச் செல்போனில் காட்டியதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது பதினாறு ஆக்கும். காது அறுந்து போச்சு. நான்தான் ஆணி வச்சு ஓட்டை போட்டேன்."

"தொண்ணூற்றொன்றுன்னு போலீஸ் உங்ககிட்ட கேக்கல்லியா மாமா?"

"கேட்டினும். ஒரு போலீசு ஜீப்புல இருந்தபடியே கேட்டான், தொண்ணூத்தொண்ணு உண்டான்னு. எனக்கு அறுவதுதான் உண்டுன்னு சொன்னேன். ஜீப்பு போச்சு."

"டோக்கனைக் காட்டல்லியா?"

"காட்டினா நான் சொல்லமாட்டனா? அந்த வாரம் பதினாறு திரும்பி வரல்லியே."

"ஜீப்பை விட்டு இறங்கியிருந்தா கேசு அன்னைக்கே முடிஞ்சிருக்கும்," என்றான் ஷிஜு. வழக்கமான கேலி அதில் இல்லை.

ரேஷ்மி ஒரு அடி முன்னால் வந்தாள். "டோக்கன் திரும்பி வரல்லைன்னா, அந்தச் சைக்கிள்?"

கிழவர் எழுந்து வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க."

வீட்டுக்குப் பின்னால் விறகுப்புரை. அதன் உத்தரத்தில் கயிறு கட்டி, கோணிச் சாக்கால் போர்த்தி ஒரு சைக்கிள் தொங்கியது. டயர்கள் உளுத்துப்போயிருந்தன. கேரியரில் பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஒரு பொதி அப்படியே கட்டியிருந்தது.

"ஸ்டாண்டு போனப்போ எல்லாத்தையும் பழைய இரும்பு விலைக்கு ஆக்கர்க்காரனுக்கு போட்டேன். இது மட்டும் மனசு வரல்ல. ஆளு வந்து கேட்டா என்ன சொல்ல?"

"ஆளு பேரு என்ன?"

"பேரெல்லாம் ஆருக்கு தெரியும் மக்கா? எனக்கு எல்லாரும் நம்பருதான். பதினாறு நல்ல மனுஷன். அண்ணைக்கு சனியாழ்ச்ச. சாயங்கால வண்டியில திருவனந்தபுரம் போவணும்னு ஓடி வந்தாரு. சைக்கிளை வச்சாரு, டோக்கனை வாங்கினாரு. பிளாட்பாரத்துக்கு திரும்பும்போ ஒரு வெள்ளை அம்பாசடர் வந்து நிண்ணுது. உள்ள இருந்தவரு என்னமோ சொன்னாரு. பதினாறு ரயிலையும் பாத்தாரு, காரையும் பாத்தாரு. பின்னே காருல ஏறினாரு. 'பொதி இருக்கட்டும், இப்ப வாறேன்'னு எனக்க கிட்ட கை காட்டினாரு."

"காருல இருந்தது யாரு?"

"முகம் காணல்ல. நம்பரு கண்டேன்."

ஷிஜு சிரித்துவிட்டான். "முப்பத்திமூணு வருஷத்துக்கு முந்தின கார் நம்பரா! எனக்கு எனக்க வண்டி நம்பரே போலீஸ் பிடிச்சாத்தான் ஓர்ம்ம வரும்."

"எலே, நாள் முழுக்க டோக்கனை கையில வச்சு திருப்பிக்கிட்டு இருந்தவனாக்கும் நான். கே.எல்.வி. அறுபத்தொண்ணு பத்தொம்பது. ஆறு, ஒண்ணு, ஒண்ணு, ஒம்பது. தலைகீழா பிடிச்சுப் பாரு, அதே நம்பருதான் வரும். அப்படி ஒரு நம்பரை மறக்க முடியுமா?"

ரேஷ்மி செல்போனில் கோப்பின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நாற்பத்திரண்டாம் பக்கம். நகைக்கடை முதலாளி சோமராஜனின் வாக்குமூலம்: 'சனிக்கிழமை காலையிலேயே எனது கே.எல்.வி. 6119 அம்பாசடர் காரை நானே ஓட்டிக்கொண்டு குருவாயூர் சென்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பினேன்.'

முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றிருக்க வேண்டிய கார்.

"மாமா, பொதியைத் தொறக்கலாமா?"

தங்கப்பன் தயங்கினார். "அடுத்தவனுக்க பொதி. இத்தனை வருஷமா நான் தொட்டதில்ல."

"நீங்க தொடாம இருந்ததுதான் இப்ப எங்களுக்கு மிச்சம்," என்றாள் அவள். அந்தக் கிழவரின் நேர்மையின் உள்ளே ஒரு மனுஷனின் பேர் முப்பத்திமூன்று வருடம் அடைபட்டுக் கிடந்திருக்கிறது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

பிளாஸ்டிக் தாள் அப்பளம்போல் நொறுங்கியது. உள்ளே ஒரு பிளாஸ்க். துவைத்து மடித்த பழைய வேட்டித் துண்டுகள் நான்கு. பிறக்கப்போகும் பிள்ளையைப் பொதிவதற்கு. துணிகளுக்கு நடுவே மடித்து வைத்த ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு. மை வெளிறியிருந்தாலும் எழுத்துகள் கலையவில்லை.

ரேஷ்மி படித்தாள். மறுபடியும் படித்தாள். பிறகு விறகுக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சேச்சி?" ஷிஜு பதறினான். "யாரு பேரு இருக்கு?"

"சரசம்மா. வயசு இருபத்திநாலு. முதல் பிரசவம்." சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "கணவர் பெயர், வேலாயுதன்."

ஷிஜுவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "வேலாயுதனா? நகையோட ஓடிப்போன வாட்ச்மேனா?"

"ஓடல்ல ஷிஜு. போலீஸ் தேடுற ஆளும் அடையாளம் தெரியாத பிணமும் ஒரே ஆளுதான். அவனை ஒரு பக்கம் புதைச்சுட்டு மறுபக்கம் தேடிக்கிட்டு இருக்காங்க."

"பிணத்தை யாருமே பாக்கல்லியா?"

"முதலாளி பார்த்தார். 'எங்க வேலாயுதன் மெலிஞ்ச ஆள், இது தடிச்ச ஆள்'னு எழுதிக் கொடுத்திருக்கார். மூணு நாள் தண்ணியில கிடந்தா யாரு தடிக்கமாட்டா? பெண்டாட்டிக்கு நிறைமாசம், பிணத்தைக் காட்டிப் பயப்படுத்த வேண்டாம்னு இன்ஸ்பெக்டர்கிட்ட கேட்டுக்கிட்டதும் அவர்தான். அந்தத் தாளைப் படிச்சப்போ, எவ்வளவு இரக்கமுள்ள மனுஷன்னு நான் நினைச்சேன்."

கடையைத் தானே காலி செய்துகொண்டு, பழி போட ஒருவனைக் கொன்று, இன்னொருவனைச் சிறைக்கு அனுப்பிய இரக்கம்.

தங்கப்பன் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். "அப்போ பதினாறு வரமாட்டாரா?" என்று மட்டும் கேட்டார்.

*

சரசம்மாவின் வீடு உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் இருந்தது. முந்தின நாள்தான் அவள் ரேஷ்மியின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருந்தாள். 'அந்த ஆளுக்க பேரை இஞ்ச சொல்லப்படாது' என்று கத்தியிருந்தாள்.

வழியிலேயே ரேஷ்மி டி.எஸ்.பி.க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். சோமராஜன் இப்போது கல்யாண மண்டபத்து முதலாளி. ஒரு குழு அங்கே கிளம்பியது. இன்னொரு ஜீப் தங்கப்பன் வீட்டுக்கு.

கதவைத் திறந்தது சரசம்மாவின் மகள் அஸ்வதி. அவளுக்குப் பின்னால் சரசம்மா நின்றாள். ஐம்பத்தேழு வயதுக்கு அதிகமாகவே தளர்ந்திருந்தாள்.

"நேத்தே சொன்னேனே. பின்னேயும் எதுக்கு வந்தியரு?"

ரேஷ்மி ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். சரசம்மா வாங்கினாள். அவளுடைய உதடு மட்டும் அசைந்தது.

"இது எனக்க சீட்டு. நான் ஆசுபத்திரியில கிடக்கேன், இதை எடுத்துக்கிட்டு சனியாழ்ச்ச வாறேன்னு சொன்னாரு. வரல்ல. போலீசுதான் வந்துது. பிள்ளை பெத்த கட்டில்ல வந்து நிண்ணு கேட்டினும், புருஷன் நகையோட எங்க போனான்னு." அவள் நிமிர்ந்தாள். "இது எங்க கிட்டிச்சு?"

"சைக்கிள்ல இருந்தது சேச்சி. பாறசாலை ஸ்டாண்டுல. அவர் உங்களைப் பார்க்கத்தான் கிளம்பினார். முதலாளி வந்து காருல கூட்டிட்டுப் போயிட்டார். பாறைமடையில கிடந்த ஆள்…"

சரசம்மா சீட்டிலிருந்த கணவனின் பேரை விரலால் தடவினாள்.

"அவரு ஓடல்லியா?"

"ஓடல்ல."

"களவும் எடுக்கல்லியா?"

"இல்ல சேச்சி."

அஸ்வதி அம்மாவின் தோளைப் பிடித்தாள். சரசம்மா அந்தக் கையை விலக்கினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. அழுகையைவிட மோசமான ஒன்று வந்தது.

"நான் அவரை எப்படியெல்லாம் ஏசினேன். காலையில எழும்பினா ஏசுவேன். இவளுக்கு அப்பா பேரு எழுத வேண்டிய இடத்தில எல்லாம் ஏசுவேன். களவன்னு சொல்லித்தான் இவளை வளத்தேன். படத்தை கூட அடுப்புல போட்டேன். இனி நான் ஆருகிட்ட போய் பொறுக்கணும்னு கேக்க?"

ஷிஜு முகத்தைத் திருப்பிக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினான்.

ரேஷ்மியின் செல்போன் அதிர்ந்தது. குளோரி. அழுகைதான் கேட்டது. "சீக்கிரம்," என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

"சேச்சி," ரேஷ்மி சரசம்மாவின் முன்னால் குனிந்தாள். "நெய்யாற்றின்கரையில ஒருத்தர் சாகக் கிடக்கார். உங்க கணவரைக் கொன்னதாச் சொல்லிப் பதினாலு வருஷம் சிறையில போட்டாங்க. அவர் செய்யல்ல. செத்த ஆளோட பேரு தெரியாம அவருக்குக் கண்ணை மூட முடியல்ல. நானே போய்ச் சொல்லலாம். ஆனா அந்தப் பேரைச் சொல்ல உரிமைப்பட்ட ஆள் நீங்கதான்."

சரசம்மா சீட்டை மார்போடு அழுத்திக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

*

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறும்போது டி.எஸ்.பி. அழைத்தார்.

"ரேஷ்மி, ஆளு மாட்டிக்கிட்டார். இன்ஸ்பெக்டர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார், வேலாயுதனைக் கடைசியா எப்போ பாத்தீங்கன்னு. சோமராஜன் என்ன சொன்னார் தெரியுமா? 'நான் அவனை ரயில்வே ஸ்டேஷன்ல பாக்கவே இல்ல'ன்னு. ஸ்டேஷன்னு எங்க ஆள் யாரும் வாயைத் திறக்கல்ல. சொன்ன பிறகு அவருக்கே விளங்கிச்சு. இப்போ தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கார். இனி வேலாயுதனோட மகளுக்க ரத்தத்தை எடுத்து, புதைச்ச எலும்போட ஒத்துப் பாக்கணும். நாளைக்கே மனு கொடுக்கிறேன்."

இன்னொரு நாளாக இருந்தால் ரேஷ்மிக்கு அந்த நிமிடம் இனித்திருக்கும். அவள் போனை அணைத்துவிட்டு ஓடினாள்.

யேசுவடியானின் மூக்கில் ஆக்சிஜன் குழாய். கண்கள் பாதி மூடியிருந்தன. குளோரி காதருகே குனிந்து, "அப்பா, ரேஷ்மி சேச்சி வந்தாச்சு," என்றாள். இமைகள் மெதுவாக விலகின.

"கிட்டிச்சா மக்கா?"

ரேஷ்மி ஒதுங்கினாள். சரசம்மா கட்டிலின் அருகே வந்து நின்றாள். முப்பத்திமூன்று வருடம் கணவனின் கூட்டாளி என்று நினைத்து வெறுத்த மனிதனின் முகத்தை இப்போதுதான் பக்கத்தில் பார்க்கிறாள்.

"எனக்க மாப்பிளையாக்கும்," என்றாள். "வேலாயுதன்."

யேசுவடியான் அவளையே பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. "நான் கொல்லல்ல அம்மா."

"தெரியும்."

"வேலாயுதன்," என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக மூச்சு வாங்கி வந்தது. கூட்டாளி என்று கோர்ட்டில் கேட்ட பேர்; ஆளை அவர் கண்டதில்லை. பிறகு கையை லேசாக அசைத்து அவளை இன்னும் பக்கத்தில் அழைத்தார். "ஆளு எப்படி இருப்பாரு? கூட்டத்தில எனக்கு தெரியணுமே."

சரசம்மா வாயைத் திறந்தாள். அவள் எரித்த படத்தில் இருந்த முகத்தை எங்கிருந்தோ மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

"நல்ல உயரம்," என்று தொடங்கினாள். "சுருட்ட முடி. வாசல் நெலையில எப்பளும் தலை இடிக்கும். இடிச்சா நெலையைத்தான் ஏசுவாரு, குனிய மாட்டாரு. சிரிச்சா சத்தம் வராது, தோளு மட்டும் குலுங்கும். பாகற்காய் பிடிக்காது. பிடிக்காதுன்னு சொல்லாம தின்னுட்டு, பின்னே வெளியில போய் வெல்லம் தின்னுவாரு…"

யேசுவடியான் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டுக்கொண்டிருப்பது நெற்றியில் தெரிந்தது. "சொல்லுங்க," என்றார்.

சரசம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். வாசலோரம் நின்றிருந்த அஸ்வதி, சத்தம் கேட்காமல் ஒரு ஸ்டூலை இழுத்து அம்மாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.